மூன்றாவது கோப்பி வரை இருங்கள்: டன்ஃபோர்த்தில் ஒரு எத்தியோப்பியச் சாப்பாட்டுக் கடை

முதல்தடவை இந்தக் கடைக்குள் நான் போனது மா வாங்க. 2018 கார்த்திகை மாதம். மகளுக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது என்று டொக்டர் சொல்லி மூன்று கிழமை ஆகியிருந்தது. தெஃப் என்று ஒரு தானியம் இருக்கிறது, ரொறன்ரோவின் டன்ஃபோர்த் வீதியில் எத்தியோப்பியர் கடைகளில் அதன் மா கிடைக்கும் என்று என்னோடு வேலை செய்யும் பிள்ளை ஒருத்தி சொன்னாள். கென்னடியில் சுரங்க ரயில் ஏறி, கிறீன்வூட்டில் இறங்கி, கிழக்கே நடந்தேன். மொனார்க் பார்க் வரைக்கும் உள்ள அந்தச் சின்னத் துண்டில்தான் அவர்களுடைய கடைகள் கிட்டக்கிட்ட இருக்கின்றன. எந்தக் கடைக்குள் போவது என்று பார்த்துக்கொண்டு நடந்தவளை ஒரு வாசம் நிறுத்தியது. கோப்பிக் கொட்டை வறுபடும் வாசம். அம்மா மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்துக் கோப்பி வறுக்கும் நாளில் வளவு முழுக்க ஒரு வாசம் நிற்குமே, அதில் பாதி.

உள்ளே போய் மா வாங்கினேன். காசு கொடுத்துவிட்டு வாசலில் நின்று இவருக்குப் போன் எடுத்து, "மா கிடைச்சிட்டுது, பஸ் பிந்தினால் பயப்படாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல் கேட்டது. "அக்கா, சாப்டாச்சா?"

திரும்பிப் பார்த்தால் கடைக்காரப் பெண் நிற்கிறார். நெட்டெல்லா என்ற வெள்ளைப் பருத்திச் சால்வையைத் தோளில் போட்டபடி, கையில் கோப்பி வறுத்த சட்டி. தமிழ், அதுவும் மலையகத்துப் பேச்சு. எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. அன்றைக்கு நான் ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கவில்லை.

அந்தத் தமிழ் எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். கடையின் பெயரை எழுதவில்லை. அவருடைய காசு விஷயமும் வீட்டு விஷயமும் இதில் வருவதால், பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டார். தேடிப் போகிறவர்களுக்கு மூக்கு போதும். முன்பக்கம் நாலு தட்டு மளிகைச் சாமான், அதற்குப் பின்னால் ஆறு மேசை, யன்னலோரம் கோப்பிக்கு ஒரு தாழ்ந்த இருக்கை. நான் ஸ்காபரோவில் பதினொரு வருடம் கேட்டரிங் சமையலறையில் இடியப்பமும் அப்பமும் செய்தவள். அதற்கு முந்தி ஐந்து வருடம் வீட்டு நிலக்கீழ் அறையில் ஓடருக்கு இடியப்பம் பிழிந்தவள். அந்தக் கண்ணோடுதான் இந்தக் கடையைப் பார்க்கிறேன்.

முதலில் இன்ஜெரா. எங்கள் ஆட்கள் பலர் அதைப் பார்த்தவுடன் "பெரிய தோசை" என்கிறார்கள். கைபட்டுச் செய்தவளாகச் சொல்கிறேன், அது அப்பத்துக்குத்தான் சொந்தம். ஒரு பக்கம் மட்டும் வேகும், திருப்புவதில்லை, மூடி போட்டு ஆவியில் அவிய விடுவார்கள். தெஃப் மணி கசகசா அளவுதான். அந்த மாவைக் கரைத்து இரண்டு மூன்று நாள் புளிக்க வைப்பார்கள். மேலே மஞ்சளாக ஒரு தெளிந்த நீர் நிற்கும். அதை எர்ஷோ என்கிறார்கள். கொஞ்சம் எடுத்து வைத்து அடுத்த தடவைக்கு உறையாகப் போடுவார்கள். அடுத்தது அப்சித். புளித்த மாவில் ஒரு பங்கைத் தண்ணீரில் காய்ச்சிக் கூழாக்கி, ஆறவிட்டு, திரும்ப மாவிலேயே ஊற்றுகிற வேலை அது. அப்பத்துக்குக் கப்பி காய்ச்சி ஊற்றுவோமே, அதேதான். இதைக் கேட்டதும் நான் அடுப்படிக்குள்ளேயே போய்விட்டேன். இரண்டு பேரும் ஒரே வேலையை இரண்டு பெயரில் செய்துகொண்டு இருந்திருக்கிறோம்.

வெந்த இன்ஜெராவின் மேற்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டை. அவர்களுடைய மொழியிலும் அதற்குக் கண் என்றுதான் பெயர். கண் குறைந்த இன்ஜெராவை அவர் மேசைக்கு அனுப்புவதில்லை. நான் பார்த்து ஆறு ஏழு தட்டைத் தள்ளி வைத்திருக்கிறார். தள்ளி வைத்ததை எறிவதும் இல்லை. கிழித்துக் காரக் குழம்பில் பிரட்டி ஃபிர்ஃபிர் என்று காலையில் விற்பார். காலையில் போகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள், நேற்றையது என்று யோசிக்க வேண்டாம். எங்களுடைய பழஞ்சோற்றுக்கு உள்ள மதிப்பு அங்கே அதற்கு உண்டு.

ஊரில் மித்தாத் என்ற மண் தட்டில், விறகில் சுடுவார்கள். இங்கே மின்தட்டு. வட அமெரிக்காவுக்கு வந்த எத்தியோப்பியப் பெண்கள் பலர், நோர்வேக்காரர் தங்கள் லெஃப்ஸ ரொட்டிக்குப் பாவிக்கும் பதினாறு அங்குல மின்தட்டில்தான் வீட்டில் இன்ஜெரா சுடத் தொடங்கினார்கள். ஒஸ்லோவில் இருக்கும் என் அக்காவுக்கு இதைச் சொன்னபோது, தன் வீட்டு அலுமாரியில் அந்தத் தட்டு சும்மா கிடக்கிறது என்றாள்.

மாவும் சும்மா வரவில்லை. ஊரில் விலை ஏறிவிடும் என்ற பயத்தில் எத்தியோப்பிய அரசு 2006இல் தெஃப் தானியத்தையும் மாவையும் வெளியே அனுப்பத் தடை போட்டது. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் 1980களிலிருந்து தெஃப் விளைகிறது. இந்தக் கடையில் முதல்நாள் எனக்குக் கிடைத்த பை அந்த ஐடஹோ மாதான். விலை கூடியதால் பல கடைகளில் தெஃப்போடு கோதுமையோ வாற்கோதுமையோ கலப்பார்கள். இங்கும் நாளாந்த இன்ஜெராவில் கலப்பு உண்டு, கேட்டால் மறைக்காமல் சொல்வார். என் மகளைப்போலக் கோதுமை ஆகாதவர்கள் முதல்நாளே சொல்லி வைத்தால் முழுத் தெஃப்பில் வேறாகச் சுட்டுத் தருவார், இரண்டு டொலர் கூட. சொல்லாமல் போய்த் தட்டில் கை வைக்காதீர்கள்.

போக நல்ல நாள் புதனும் வெள்ளியும். எத்தியோப்பிய ஒர்த்தடொக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு அந்த இரண்டு நாளும் விரதம். இறைச்சி, முட்டை, பால், நெய் ஒன்றும் இல்லை. பெரிய நோன்புக் காலமும் மற்ற விரதங்களும் சேர்ந்தால் ஆண்டில் 180 நாளுக்கு மேல் வருகிறது. ஆகவே மரக்கறிச் சமையல் அவர்களிடம் ஒரு ஓரத்தில் இருக்கும் விஷயம் கிடையாது, பாதிச் சமையலே அதுதான். கந்தசஷ்டி பிடிக்கிறவர்கள் கூட, உள்ளி வெங்காயம் தள்ளாதவர்களாக இருந்தால், அங்கே வயிறாரச் சாப்பிடலாம்.

விரதத் தட்டு ஒருவருக்கு 19 டொலர், இருவருக்கு 34. ஒரு பெரிய இன்ஜெராவின் மேல் ஏழு வகை குவியல் குவியலாக வரும். மிஸிர் வொத் எங்களுடைய மைசூர்ப் பருப்புத்தான், ஆனால் பெர்பெரேத் தூளில் கறுத்துச் சிவந்து கிடக்கும். கிக் அலிச்சா மஞ்சள் போட்ட கடலைப் பருப்பு மாதிரி, உறைப்பு இல்லாதது, பிள்ளைகளுக்கு ஏற்றது. கொமென் என்பது தடித்த பச்சை இலைக்கறி. கோவா, கரட், கிழங்கு சேர்த்த ஒன்று. பீன்ஸ் ஒன்று. கடுகு அரைத்துப் போட்ட பச்சைப் பயற்றம் பருப்புப்போல ஒரு குளிர்ந்த சம்பல் உண்டு, அசிஃபா. அதை முதலில் தின்று முடித்துவிடுவேன். நடுவில் ஷிரோ.

ஷிரோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடலையும் பயறும் வறுத்து, மசாலாவோடு அரைத்த மாவைக் கொதிக்கிற வெங்காயத்தில் தூவிக் கிண்டிய கூழ் அது. மண்சட்டியில் கொதித்தபடியே மேசைக்கு வரும். பணம் உள்ளவர், இல்லாதவர் எல்லாருடைய வீட்டிலும் இருக்கும் சாப்பாடு. அதனால் பல கடைகள் அதைக் கவனிக்காமல் செய்கின்றன, மா பச்சை வாசம் அடிக்கும். இவர் நாற்பது நிமிடம் கிண்டுகிறார். எனக்கு நேரம் தெரியும், ஏனென்றால் கரண்டியை என்னிடம் தந்து பார்க்கச் சொன்ன நாளும் உண்டு. ஒரு சமையலறையின் நேர்மையை அளக்க மலிவான சாப்பாட்டைத்தான் தின்று பார்க்க வேண்டும்.

பெர்பெரேத் தூள் யாழ்ப்பாணத்துத் தூளுக்குத் தூரத்துச் சகோதரி. மிளகாய், வெந்தயம், உள்ளி, இஞ்சி, ஓமம், கொரரிமா என்ற அவர்களுடைய ஏலம். எங்களுடையதில் மல்லியும் பெருஞ்சீரகமும் தூக்கி நிற்கும், இதில் வெந்தயமும் கொரரிமாவும். உறைப்பு எங்களுக்குப் பழகிய அளவுதான். நாக்கைச் சுடுவதற்கு முந்தித் தொண்டைக்குப் பின்னால் வந்து நிற்கும்.

இறைச்சி தின்கிறவர்கள் டோரோ வொத் கேளுங்கள், சனி ஞாயிறில் மட்டும். வெங்காயத்தை எண்ணெய் விடாமல் மணிக்கணக்கில் வதக்கிக் களியாக்கி, அதில் கோழியும் அவித்த முட்டையும். ஊரில் பெருநாட்களுக்குச் செய்வது. கித்ஃபோ என்பது பச்சை மாட்டிறைச்சிக் கொத்து. எங்கள் ஆட்களுக்குச் சரிவராவிட்டால் "லெப் லெப்" என்று சொன்னால் இலேசாகச் சூடு காட்டித் தருவார்கள். திப்ஸ் என்ற பொரித்த இறைச்சி இரண்டு தடவை சாப்பிட்டேன், இரண்டு தடவையும் கடுக்கென்று இருந்தது. அதற்கு வேறு கடைக்குப் போகலாம்.

எல்லாரும் ஒரே தட்டில், ஒரே கையால். கரண்டி கேட்டால் தருவார்கள், கேட்காதீர்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது உள்ளே வந்தால், முன்பின் தெரியாதவர் என்றாலும் "எனிப்லா" என்று சொல்வார்கள். வாங்கோ சாப்பிடுவம் என்று அர்த்தம். பிறகு குர்ஷா. இன்ஜெராவில் ஒரு கவளம் சுற்றி மற்றவருடைய வாயில் தீத்துவது. முதல்தடவை தங்கச்சி என் வாய்க்கு நேரே கையைக் கொண்டுவந்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. (கடைக்காரப் பெண்ணை இப்போது நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறேன்.) மத்தியானத்தில் அம்மா சட்டியில் மிஞ்சிய குழம்போடு சோற்றைக் குழைத்து, சுற்றி இருந்த ஐந்து பேருடைய கையிலும் கவளம் கவளமாக வைப்பார். அம்மா போய் இருபத்திரண்டு வருடம். அதற்குப் பிறகு எனக்கு யாரும் தீத்தியதில்லை.

இனி அந்தத் தமிழ்.

பத்தொன்பது வயதில் அவர் அடிஸ் அபாபாவிலிருந்து பெய்ரூத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவர். எட்டு வருடம். பாஸ்போட் வீட்டு எசமானியின் அலுமாரிக்குள். லீவு நாள் கிடையாது. பக்கத்துக் கட்டடத்தின் அதே மாடியில் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துப் பெண் ஒருவர் இருந்தார். லெபனானில் வீட்டு வேலைக்காரப் பெண் எந்த நாடாக இருந்தாலும் அவளைச் 'சிறிலங்கியே' என்று சொல்கிற பழக்கம் உண்டு, அவ்வளவு இலங்கைப் பெண்கள் அங்கே வேலை செய்திருக்கிறார்கள். "என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், ஆகவே நானும் உங்கள் நாடுதான் அக்கா" என்று தங்கச்சி என்னிடம் சொன்னார். உடுப்புக் காயப்போட வரும் நேரம் பல்கனிக்குப் பல்கனி இரண்டு பேரும் பேசுவார்களாம், அரைகுறை அரபியில். அந்த ஹட்டன் அக்கா தினமும் கேட்ட முதல் கேள்விதான் "சாப்டாச்சா?" சாப்பிட்டோமா என்று கேட்க அந்த நகரத்தில் வேறு யாரும் இருக்கவில்லை என்றார். அந்த அக்கா இப்போது எங்கே என்று தெரியாது. பெயரை எழுதி வைத்திருந்த கொப்பியும் பெய்ரூத்திலேயே போய்விட்டது.

2009இல் அண்ணன் பொறுப்பெடுத்து அவரைக் கனடாவுக்குக் கூப்பிட்டார். எங்கள் ஆட்கள் கார்டினர் நெடுஞ்சாலையில் பிள்ளைகளோடு இறங்கி நின்ற அதே வருடம். வந்த முதல் கிழமைகளில் தொலைக்காட்சியில் அதைப் பார்த்ததாகச் சொன்னார். பிறகு விமான நிலையத்துக்குக் கிட்ட ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு, இரவில் கட்டடம் துப்புரவு. ஏழு வருடம். 2016இல் கடை.

ஏழு வருடத் துப்புரவுக் காசில் டன்ஃபோர்த்தில் கடை திறக்க முடியுமா? முடியாது. ஒரு வங்கிக்குப் போயிருக்கிறார். கணக்கு வரலாறு போதாது, பிணை வைக்கச் சொத்து இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். நானும் அந்தக் கதிரையில் இருந்து அதே பதிலைக் கேட்டவள். கடை திறந்தது எக்குப் காசில். எக்குப் என்றால் சீட்டு. அப்படியே எங்களுடைய சீட்டு. இருபது பெண்கள், மாதம் 500 டொலர், ஒவ்வொரு மாதமும் ஒருவருக்கு 10,000. ஏலம் கூறிக் கழிவு போகிற சீட்டு கிடையாது, குலுக்கல். முழுக்காசும் கைக்கு வரும். அவசரம் உள்ளவருக்குக் குலுக்கலில் வென்றவர் தன் முறையை விட்டுக்கொடுக்கலாம். தங்கச்சிக்கு நாலாம் மாதமே விட்டுக்கொடுத்தவர் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஒரு பெண். அந்தக் காசுதான் வாடகை முற்பணமும் இரண்டு அடுப்பும். இன்றைக்கும் அந்தப் பெண் கடைக்கு வந்தால் தங்கச்சி காசு வாங்கமாட்டார், அந்தப் பெண்ணும் காசு வைக்காமல் போகமாட்டார். கல்லாவுக்கு முன்னால் இரண்டு பேரும் பிடிக்கிற சண்டையைப் பார்த்திருக்கிறேன்.

சீட்டு என்றவுடன் ஸ்காபரோவில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். 2003இல் என் சீட்டைப் பிடித்தவர் ஒரே இரவில் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனார், என்னுடைய 6,000 டொலரும் போயிற்று. ஆகவே தங்கச்சியிடம் நேராகக் கேட்டேன், ஓடினால் என்ன செய்வீர்கள் என்று. காசு எடுக்கிறவர் ஒரு வாஸ் காட்ட வேண்டும் என்றார், அதாவது பிணை நிற்கும் ஆள். அந்த வாஸ் எக்குப்புக்குள்ளேயே இருக்கும் இன்னொரு பெண்ணாக இருக்க வேண்டும். ஒருவர் கட்டாவிட்டால் வாஸ் கட்டுவார். கணக்கு எழுத ஒருவர், சண்டை வந்தால் தீர்க்க ஒருவர், அவருக்கு நீதிபதி என்ற பெயரே உண்டு. எங்கள் சீட்டில் பிடிக்கிற ஒருவரை நம்பித்தான் எல்லாம் இருந்தது. இதில் இருபது பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் கரோலின் ஷெனாஸ் ஹொசைன் என்ற பேராசிரியர் இப்படிச் சீட்டு நடத்தும் கறுப்பினப் பெண்களைப் பற்றிப் பல வருடமாக ஆய்வு செய்கிறார். அவர்களை வங்கிப் பெண்மணிகள் என்றே அழைக்கிறார். மறைத்துச் செய்ய வேண்டிய தொழில் என்று நாங்கள் வெட்கப்பட்ட ஒன்றுக்கு ஒரு பல்கலைக்கழகம் மரியாதையான பெயர் வைத்திருப்பது எனக்குச் சந்தோஷம்.

அடுப்படியில் மூன்று பேர். தங்கச்சி அடிஸ் அபாபா, சமையலுக்கு நிற்பவர் வட எத்தியோப்பியாவின் தீக்ராயில் மெக்கெலே, சட்டி கழுவவும் கோப்பிக்கும் நிற்கும் பெரியம்மா எரித்ரியாவில் அஸ்மரா. 2020 நவம்பரில் தீக்ராயில் போர் தொடங்கியபோது மெக்கெலே ஒரு பக்கம், அடிஸ் அபாபாவும் அஸ்மராவும் மறுபக்கம். அதைப் பற்றிக் கடைக்குள் பேசுவதில்லை என்று ஒரு முடிவு எடுத்தார்கள். தொலைபேசி, இணையம் எல்லாம் தீக்ராய்க்கு வெட்டுப்பட்டுக் கிடந்தது. மெக்கெலேக்காரி வெங்காயம் வெட்டும் பலகைக்குப் பக்கத்தில் போனை நிமிர்த்தி வைத்துக்கொண்டே வேலை செய்வார். அது அடிக்காது. வன்னியில் 2009 சித்திரை, வைகாசி மாதங்களில் என் சின்னம்மா குடும்பத்தின் சத்தம் கேட்காமல் நான் அப்படித்தான் இடியப்பம் பிழிந்தேன். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தையும் இருக்கவில்லை. பக்கத்தில் நின்று உள்ளி உரித்துக் கொடுத்தேன்.

2021 ஐப்பசியில், மெக்கெலேக்காரியின் தாய் இறந்து ஐந்து கிழமைக்குப் பிறகு, ஆள்வழி செய்தி வந்தது. கடை மூன்று நாள் பூட்டு. பூட்டிய கடைக்குள்தான் துக்கம். இதிர் என்று அவர்களுக்குச் சாவுக்கென்றே ஒரு சங்கம் உண்டு. மாதம் ஒரு சிறு தொகை கட்டி வருவார்கள், ஒரு வீட்டில் சாவு நடந்தால் காசும், கதிரையும், சமையலும், ஆட்களும் அவர்கள் பொறுப்பு. அடிஸ் அபாபாப் பெண்களும் அஸ்மராப் பெண்களும் அந்தத் தீக்ராய்த் தாய்க்காக வெள்ளை உடுத்து வந்து இருந்து அழுதார்கள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அயலார்தான் சமைத்துக் கொண்டுபோக வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். நான் நூறு இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் கொண்டு போனேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பசுப்பால் இல்லை, நெய் இல்லை என்று சொன்னதும் பெரியம்மா வாங்கி ஒவ்வொருவருக்கும் கையாலேயே பரிமாறினார்.

சரி, கோப்பி. இதற்காகவே போக வேண்டும், அதற்கு இரண்டு மணித்தியாலம் ஒதுக்கிக்கொண்டு போக வேண்டும். சனி, ஞாயிறு பின்னேரம் இரண்டு மணிக்குத் தொடங்கும், ஒரு ஆளுக்கு 7 டொலர். கண் முன்னாலேயே பச்சைக் கொட்டையைக் கழுவி, சட்டியில் வறுத்து, புகை எழும்பும் சட்டியை ஒவ்வொரு மேசைக்கும் கொண்டு வருவார் பெரியம்மா. கையால் அந்தப் புகையை முகத்துக்கு அள்ளிக்கொள்ள வேண்டும், கற்பூரம் ஒற்றிக்கொள்வது மாதிரி. இடித்து, கழுத்து நீண்ட கறுப்பு மண்குடமான ஜெபெனாவில் காய்ச்சுவார். கைபிடி இல்லாத சின்னக் கோப்பைகளில் உயரத்திலிருந்து ஒரே நூலாக ஊற்றுவார், ஒரு துளி வெளியே போகாது. கூடவே ஒரு கூடை பொரித்த சோளம், ஒரு துண்டு சாம்பிராணி. பால் இல்லை. சீனி உண்டு.

மூன்று முறை ஊற்றுவார்கள். அபோல், தோனா, பெரெக்கா. அதே தூளில் தண்ணீர் விட்டு விட்டுக் காய்ச்சுவதால் ஒவ்வொன்றும் முந்தியதைவிட இளசு. முதலாவது குடித்துவிட்டு எழும்புகிறவர்களைப் பார்த்தால் பெரியம்மாவுக்கு முகம் வாடும். பெரெக்கா என்றால் ஆசீர்வாதம், அதைக் குடிக்காமல் போவது வாழ்த்தை வாங்காமல் போவதுபோல. அதைவிட, அந்த மூன்றாவது கோப்பி நேரத்தில்தான் கடையின் உண்மையான வேலை நடக்கிறது. ஒருவருக்குக் குடிவரவுக் கடிதம் வாசித்துக் காட்டுவார்கள். ஒருவருக்குப் பிள்ளைப் பராமரிப்புக்கு ஆள் கிடைக்கும். நேற்று இறங்கிய பிள்ளை ஒன்றுக்கு எந்தக் கட்டடத்தில் அறை இருக்கிறது என்று சொல்வார்கள். எனக்குத் தெரிய, தலைமுடி பின்னும் தொழில் ஒன்றும், வீட்டிலிருந்து பெர்பெரே அரைத்து விற்கும் தொழில் ஒன்றும் அந்த யன்னலோரத்தில் தொடங்கின. அந்தத் தூள் பக்கெட் முன்தட்டில் இருக்கிறது. வாங்குங்கள், கத்தரிக்காய்க் குழம்புக்கு அரைக் கரண்டி போட்டுப் பாருங்கள்.

குறைகளும் உண்டு. சனிக்கிழமை இரவு சாப்பாடு வர நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகும், போனை யாரும் எடுக்கமாட்டார்கள். வாசலில் ஒரு உயரமான படி, கழிவறை நிலக்கீழே செங்குத்தான ஏணிப்படியில். முழங்கால் நோவுள்ள அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். இதைப் பல தடவை சொல்லிவிட்டேன், கட்டடச் சொந்தக்காரர் செய்வதில்லை என்கிறார். ஆனால் அந்தப் படிக்குப் பக்கத்தில் பிடிக்க ஒரு கம்பியாவது அவரே போடலாம். சாம்பிராணிப் புகை இழுப்பு வருத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது, முதலிலேயே சொன்னால் அணைத்துவிடுவார்கள். வீட்டுக்குக் கட்டுவதானால் இன்ஜெராவை வேறாகவும் கறிகளை வேறாகவும் கேளுங்கள், ஒன்றாகக் கட்டினால் ஸ்காபரோ வந்து சேர்வதற்குள் எல்லாம் களியாகிவிடும். கார் நிறுத்த இடம் தேடி அலைவதைவிட ரயில் நல்லது.

எங்கள் ஆட்களிடம் ஒன்று கேட்கிறேன். விலை பேசாதீர்கள். போன கோடையில் ஒரு தமிழ்க் குடும்பம் கல்லாவில் நின்று, "பருப்பும் கீரையும்தானே, இதுக்கு இவ்வளவா?" என்று குறைக்கச் சொல்லி நின்றார்கள். தங்கச்சி எனக்காக, ஒன்றும் சொல்லாமல், ஐந்து டொலர் குறைத்தார். எனக்கு உடம்பு பதறியது. நிலக்கீழ் அறையில் விடிய மூன்று மணிக்கு எழும்பி நான் பிழிந்த இடியப்பத்துக்கும் இதே பேச்சைத்தான் கேட்டேன், "மாவும் தண்ணியும்தானே அக்கா". மூன்று நாள் புளித்த மாவுக்கும் நாற்பது நிமிடம் கிண்டிய கைக்கும் உள்ள விலை அது. இவர் இறைச்சிக்கு ஏற்றின விலையைக்கூட விரதத் தட்டுக்கு ஏற்றவில்லை.

போன மாதம் மகளையும் பேரனையும் கூட்டிப் போனேன். பேரனுக்கு மூன்று வயது. வீட்டில் ஒரு வாய் தின்ன வைக்க அரை மணித்தியாலம் ஓட வேண்டும். பெரியம்மா மஞ்சள் பருப்பில் ஒரு சின்னக் குர்ஷா சுற்றி அவன் முன்னால் நீட்டினார். என்னையும் பார்த்தான், அவரையும் பார்த்தான், வாயைத் திறந்தான். பதினொன்று எண்ணினேன். வரும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு "அம்மம்மா" என்று கூப்பிட்டான், நான் திருத்தவில்லை.

போகிறவர்கள் ஞாயிறு மூன்று மணிக்குப் பிறகு பின்மேசையைக் கேட்க வேண்டாம். மாதத்தின் முதல் ஞாயிறு அங்கேதான் குலுக்கல். இந்த முறை எக்குபில் இருபத்தொரு பேர். இருபத்தோராவது பெயர் என்னுடையது, வாஸ் நிற்பவர் மெக்கெலேக்காரி.